புரட்டாசிக் காத்தும் பேரன் கடியாரமும்

அப்புனு, சீசன் முடியறதுக்குள்ள இங்கிலாந்துல இன்னும் ஒரு சைக்கிள் டைம் ட்ரையல் பாக்கி இருக்குது, அதுல 10 மைலை 23 நிமிசத்துக்குள்ள ஓட்டிப் போடறன்னு போன்ல சொன்னே. சந்தோசம் சாமி. ஆடி மாச வெயில்ல வராத நேரம் புரட்டாசிக் குளுருல வரும்னு உனக்கு எந்தச் சோசியக்காரன் சொன்னான்? அவன் நம்பரை எனக்கும் அனுப்பு. நம்ம போர்ல தண்ணி எப்ப வரும்னு கேக்கோணும்.

நான் எட்டாவதுக்கு மேல பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவன். ஆனாலும் காத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே. களத்து மேட்டுல மொறத்தைப் புடிச்சுட்டுக் காத்துக்காக நின்னவன் நானு. குளுந்த காத்து கனம். 25 டிகிரி அடிக்கற நாளைக்கும் 5 டிகிரிக்கு எறங்கற நாளைக்கும் காத்தோட அடர்த்தியில நூத்துக்கு ஏழு வித்தியாசம்னு நான் அங்க வந்தப்ப நீயேதான் லேப்டாப்பைத் தொறந்து காட்டுனே. மணிக்கு 40 கிலோமீட்டர்ல போறவன் மிதிக்கற மிதியில பத்துல எட்டுப் பங்கு காத்தைத் தள்ளறதுக்கே போயிருதுன்னும் நீதான் சொன்னே. ரெண்டையும் கூட்டிப் பாரப்பா. அதே காலு, அதே வண்டி, அதே ரோடு. ஆனா 10 மைலுக்குக் கிட்டத்தட்ட அரை நிமிசத்தைக் காத்து தின்னுரும். ஜூலையில 23 நிமிசம் 10 செகண்டுல வந்தவன் அக்டோபர்ல 23 நிமிசம் 35 செகண்டுல வந்தான்னா அவன் மெதுவாகலை. அதே ஓட்டத்தைத்தான் ஓடியிருக்கறான்.

இதை ஒத்துக்க உனக்கு மனசு வரலை. மனசு வராதவன் என்ன பண்ணுவான்? கடைக்குப் போவான்.

பின்னால கம்பியே இல்லாத தட்டுச் சக்கரம் ஒன்னு வாங்குனியே, அது நம்ம காசுல லட்ச ரூவாயைத் தாண்டுது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வந்திருக்கும். மாடு காத்தைக் கிழிக்காதுன்னு நீ சொல்லுவே. நெசந்தான். ஆனா சீசன் முடிஞ்ச பொறகும் பால் குடுக்கும். தலைக்குப் பின்னால கூமாச்சி வெச்ச தொப்பி ஒன்னு. ஒடம்போட ஒட்டுன சட்டை ஒன்னு. அதை மாட்டியுட ஒரு ஆளு, கழட்டியுட ரெண்டு ஆளு. பந்தயத்துக்கு முந்துன நாள் ராவுக்கு பாத்ரூமுல பூட்டிக்கிட்டு ரெண்டு காலையும் வழிச்சுட்டு வெளிய வந்தே பாரு, கல்யாணத்தன்னைக்குக் கூட நீ அவ்வளவு நேரம் எடுக்கலை. மொதல் நாள் அங்க வந்து எறங்குனன்ல, சமையக்கட்டுல சின்னக் குக்கர் ஒன்னு மெல்லக் கொதிச்சுட்டு இருந்துச்சு. புள்ளை நமக்காகப் பருப்பு வேவ வெச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு மூடியைத் தொறந்து பாத்தன். உள்ள மெழுகு. மெழுகுக்குள்ள சைக்கிள் செயினு. எண்ணை போட்டா தூசி ஒட்டும், மெழுகுல முக்கியெடுத்தா ரெண்டு மூணு வாட் மிச்சம்னு சொன்னே. உன்ற பொஞ்சாதி ஒன்னுமே பேசலை. அன்னைக்குத்தான் எனக்கு அந்தப் புள்ளை மேல மருவாதி வந்துச்சு.

சரி, இதெல்லாம் எனக்குப் புதுசுன்னு நெனைச்சுக்காதே. நீ கடல் தாண்டிப் போய்க் கண்டுபுடிச்ச இந்தப் பந்தயம் நம்ம வாசல்லயே நடக்கறதுதான். மதுரைப் பக்கம், தூத்துக்குடிப் பக்கம் மாட்டு வண்டியையெல்லாம் ஒன்னா வுட்டு யாரு முந்தறாங்கன்னு பாப்பாங்க. உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் நம்ம ரேக்ளா அப்படியில்ல. ஒரு ஜோடி காளை, ஒரு வண்டி, ஓட்டறவன் ஒருத்தன், தனியா வருவான். 200 மீட்டர், இல்லாட்டி 300 மீட்டர். எதுக்க யாரும் கெடையாது, பக்கத்துல யாரும் கெடையாது, கடியாரம் மட்டுந்தான். எவன் கொறஞ்ச செகண்டுல வந்தானோ அவனுக்குத் தங்கக் காசு. இப்பச் சொல்லு, உன்ற டைம் ட்ரையல்ல இதுக்கு மேல என்ன இருக்குது, அந்தக் கூமாச்சித் தொப்பியைத் தவுத்து?

ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது கண்ணு. ரேக்ளாக்காரன் எவனும் போன மாசம் அந்த ஊர்ல இத்தனை செகண்டு வந்துச்சே, இந்த ஊர்ல ஏன் வரலைன்னு மாட்டைத் திட்ட மாட்டான். அந்த மண்ணு வேற, இந்த மண்ணு வேற. மொத நாள் மழை பேஞ்சிருந்தா தடம் வேற. அன்னைக்கு அந்தத் தடத்துல ஓடுன வண்டியில நம்ம வண்டி எத்தனாவதுன்னுதான் கேப்பான். நீ அதைக் கேக்கறதேயில்ல. வந்ததும் வராததுமா கைக்கடியாரத்தைப் பாத்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறே. குளுரு உனக்கு மட்டுமா அடிச்சுது? அந்த வெள்ளைத் தாடிக்காரர் இருக்கறாரே, தபால் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, அவரும் அதே காத்துலதான வந்தாரு. ஜூலையில உனக்கு 40 செகண்டு முன்னால போனவரு இப்ப 25 செகண்டுதான் முன்னால போறாருன்னா, நீ 15 செகண்டு வேகமாயிட்டே. கடியாரம் என்ன வேணுமோ சொல்லிட்டுப் போவுது. அவரு நாப்பது வயசு தாண்டுனவங்க கணக்குல ஓடறாரு, உங்க சங்கத்துல வயசுக்குத் தக்கன நேரத்தைக் கழிச்சுப் பாக்கற வழக்கம் உண்டுன்னு சொன்னே. அதைக் கழிச்சுட்டுப் பாத்தா அவரு உன்னை எவ்வளவு தூரத்துல வுட்டுட்டுப் போறாருன்னு நான் கேக்கலை. ஒரம்பரை வீட்டுல வெச்சுக் கேக்கற கேள்வியா அது?

நான் பாத்த அந்தக் கூத்தையும் சொல்லிப் போடறன். ரோட்டோரம் லாரி நிறுத்தற எடம். அதுல நீ சைக்கிளோட பின் சக்கரத்தை ஒரு இரும்புத் தாங்கியில மாட்டி நின்ன எடத்துலயே மிதிச்சே. வேத்து ஊத்துது. சட்டையில திட்டுத் திட்டா ஈரம். எங்கியும் போவாத வண்டியை இவ்வளவு மிதிக்கறானே, போற வண்டியை மிதிக்கத் தெம்பு இருக்குமான்னு எனக்கு வெசனம். நடுவால பீட்ரூட் சாறு. கறுத்த செவப்புல உதடெல்லாம் ஒழுகி, பாக்கறவங்களுக்கு வெத்தல பாக்குப் போட்ட மாதிரி இருந்துச்சு. அப்பறம் கோட்டுக்கிட்டப் போனே. ஒருத்தர் சீட்டைப் புடிச்சுக்கறாரு, நீ ரெண்டு காலையும் பெடல்ல பூட்டிக்கறே. அவரு தள்ளக் கூடாது, வுடத்தான் செய்யோணுமாம், நல்ல சட்டம். பக்கத்துல நாற்காலியில ஒரு அம்மா, கையில கடியாரம். பத்துன்னாங்க, அப்பறம் அஞ்சு, நாலு, மூணு. சரியா ஒரு நிமிசத்துக்கு ஒரு ஆளு. போனவனைப் பத்தி யாரும் பேசலை. கைதட்டல் இல்ல. நாலு பசுமாடு வேலிக்கு அக்கட்ட நின்னு பாத்துச்சு. நான் பாத்த பந்தயத்துலயே இதுதான் மானமா நடந்த பந்தயம்.

மானமா நடக்கறதுக்குக் காரணம் இருக்குது. இந்த வெளையாட்டே ஒளிஞ்சு வெளையாடுனது. 1890-களுல அந்த ஊர் ரோட்டுல குதிரை வண்டி. சைக்கிள்காரங்க கூட்டமாப் பந்தயம் போனா குதிரை மெரளும், போலீசு வரும். பிட்லேக்னு ஒரு மனுசன், அவரும் சைக்கிள் ஓட்டறவருதான், ஒரு வழி கண்டாரு. கூட்டமாப் போனாத்தான பந்தயம்? ஒவ்வொருத்தனா வுடு, பாக்கறவனுக்கு யாரோ வழிப்போக்கன் அவசரமாப் போறான்னு தோணும். 1895 அக்டோபர்ல நார்த் ரோடு கிளப்பு அப்படி 50 மைல் ஓடுச்சு. பாத்துக்க, பொறந்ததே சீசன் கடைசியிலதான். தோளுல இருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்புத் துணி, விடிஞ்சும் விடியாத நேரம், எங்க நடக்குதுன்னு வெளிய மூச்சு வுடக்கூடாது. ரோட்டுக்கு ஊர்ப் பேர் கூட வெக்காம ரகசிய நம்பர் வெச்சாங்க. அந்த நம்பர் இன்னும் இருக்குது, ஹல் ஊருக்குப் பக்கத்துல வேகமா ஓடற ரோட்டுக்கு வி718-னு பேரு. உங்க முன்னோருங்க யாரு கண்ணுலயும் பட்றக் கூடாதுன்னு கறுப்புப் போட்டுட்டுப் போனாங்க. நீ கிளிப்பச்சையில போயிட்டு, போட்டோ சரியா வரலைன்னு பொஞ்சாதிகிட்டச் சண்டை புடிக்கறே.

அந்த ஊர்ச் சாமான் பைத்தியம் உன்னோட ஆரம்பிக்கலை, அதையும் சொல்லோணும். ஆல்ஃப் எங்கர்ஸ்னு ஒரு ரொட்டிக் கடைக்காரரு. ராவெல்லாம் கேக்கும் பன்னும் சுட்டுட்டு, சைக்கிள்ல எங்கெங்க இரும்பு தெரியுதோ அங்கெல்லாம் எடை கொறையட்டும்னு துளை போடுவாரு. 1978-ல 25 மைலை 49 நிமிசம் 24 செகண்டுல ஓட்டுனாரு. 50 நிமிசத்துக்குள்ள வந்த மொத ஆளு. அவரு ஓட்டை போட்டது சைக்கிள்ல. நீ போடறது பேங்குக் கணக்குல. ரெண்டும் எடையைக் கொறைக்கும், ஒத்துக்கறன்.

ஆனா அந்த ஊர்க் கதையில என்ற மனசுல நின்ன ஆளு ஒரு அம்மா. பெரில் பர்ட்டன். யார்க்ஷயர்க்காரங்க. ருபார்ப் பண்ணையில வேலை; சக்கரை போட்டு வேவிச்சுத் திங்கற புளிப்புத் தண்டு அது. குனிஞ்சு நிமுந்து மூட்டை தூக்கறதுதான் அந்தம்மாவுக்கு ஜிம்மு. 1967 செப்டம்பர் 17, ஓட்லி கிளப்பு நடத்துன 12 மணி நேர ஓட்டம். நம்ம கணக்குக்குப் புரட்டாசி பொறக்கற சமயம், உன்னாட்ட சீசன் முடியப் போவுதேன்னு பொலம்பற காலம். ஆம்பளைங்களை மொதல்ல வுட்டுட்டு அப்பறம் பொம்பளைங்களை வுட்டாங்க. அந்தம்மா ஒவ்வொருத்தனா முந்திட்டே வர்றாங்க. கடைசியில முன்னால ஒரே ஒரு முதுகு, மைக் மெக்னமாரா. அந்த ஆளும் லேசுப்பட்டவரில்ல. அன்னைக்கு ஆம்பளைங்க ரிக்கார்டையே ஒடைச்சுட்டு இருந்தவரு. கிட்ட வந்ததும் அந்தம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. சட்டைப் பையில கையை வுட்டு ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டுனாங்க. அவரும் வாங்கி வாயில போட்டுக்கிட்டாரு. அந்தம்மா போயிட்டாங்க. அவங்க ஓட்டுனது 277.25 மைல், நம்ம கணக்குல 446 கிலோமீட்டர். அவரு முக்கா மைல் கொறைவு. அந்தத் தூரத்தை 1969 வரைக்கும் எந்த ஆம்பளையும் தாண்டலை. பொம்பளைங்க கணக்குல 2017 வரைக்கும் நின்னுச்சு.

அதனால நீயும் இந்தத் தடவை பையில நாலு மிட்டாய் போட்டுட்டுப் போ. உன்னை முந்திட்டுப் போறவங்களுக்கு நீட்டலாம்.

சரி, சிரிச்சது போதும், காரியத்துக்கு வர்றன். பந்தயத்துக்கு மொத நாள் காருல போய் அந்த ரோட்டை ஒருக்காப் பாத்துட்டு வா. இந்த மாசந்தான் அங்க வேலி வெட்டற மாசம். டிராக்டர்ல ஒரு கையாட்ட மிசினை மாட்டி வேலியைத் தறிச்சுட்டே போறாங்க. முள்ளெல்லாம் ரோட்டு ஓரத்துல கெடக்குது. நீ ஓரமாத்தான் ஓட்டுவே. உன்ற டயரு பட்டுத் துணியாட்ட. அதுக்குள்ள ஒரு முள்ளு ஏறுச்சுன்னா லட்ச ரூவாச் சக்கரம் கையில, செருப்பில்லாத காலோட நடை. மக்காச்சோளம் அறுக்கறதும் இப்பத்தான். காட்டுல இருந்து ரோட்டுக்கு டிராக்டர் ஏறற எடத்துல சேறு அப்பியிருக்கும், ஈரமா இருந்தா வளைவுல வழுக்கிப் போடும். சூரியன் தாழ எறங்கறதுனால எதுக்க வர்ற காருக்காரனுக்குக் கண்ணு கூசும். முன்னாலயும் பின்னாலயும் லைட்டைப் போட்டுக்க. லைட்டு காத்தைத் தடுக்குதுன்னு கணக்குப் போட்டே, காதைத் திருகிப் போடுவன்.

அப்பறம் ஓட்டம். உன்ற வியாதி மொதல் ரெண்டு நிமிசத்துல இருக்குது. கடியாரம் வெச்சிருக்கற அந்த அம்மா மூணு, ரெண்டு, ஒன்னுன்னு சொல்றப்பவே உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, புறப்பட்டதும் காலு கனமே தெரியலை, ஆகா இன்னைக்கு நாம் ராசான்னு வெட்டித் தள்றே. காலு பொய் சொல்லுது. அந்த ரெண்டு நிமிசத்துல வாங்குன கடனை எட்டாவது மைல்ல வட்டியோட கேக்கும். மொதல் ரெண்டு நிமிசம் இது ரொம்ப லேசா இருக்குதேன்னு உனக்கே வெக்கமா இருக்கோணும், அப்படி ஓட்டு. காத்து எதுக்க வர்ற பக்கம் கொஞ்சம் எச்சா மிதி. ஏன்னா அந்தப் பக்கந்தான் நீ எச்சா நேரம் கெடக்கப் போறே, அங்க மிச்சம் புடிக்கறதுதான் மிச்சம். காத்து முதுகைத் தள்ற பக்கம் சித்தெ மூச்சு வாங்கிக்க. உன்னால மட்டும் இது முடியாது, காத்து தள்ளுச்சுன்னா நீயும் கூடச் சேந்து தள்றவன். உன்ற அம்மாவும் சின்னதுல அப்படித்தான். தூரி ஆடறப்ப ஒருத்தர் தள்ளுனாப் போதும்னு உக்காந்திருக்க மாட்டா.

உனக்கு ஒரு நிமிசம் முன்னால போனவன் தூரத்துல தெரிஞ்சா வெறி புடிக்காதே. அவன் களைச்சு வர்றானா, நீ வேகமா வர்றயான்னு தெரியாது. முந்துனா முந்தீட்டுப் போய்ட்டே இரு, அவன் முதுகுக்குப் பின்னால ஒளியக் கூடாதுங்கறது சட்டம். உனக்கு ஒரு நிமிசம் பின்னால பொறப்பட்டவன் உன்னை முந்துனா என்ன பண்ணோணும்? அதான் மிட்டாய் இருக்குதே.

முடிச்சதும் நேரா காருக்கு ஓடாதே. கிளப்பு வெச்சிருக்கற அந்த ஊர் மண்டபத்துக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டு நம்பரைத் திருப்பிக் குடுத்துட்டு வா. இல்லாட்டி நீ ஓட்டத்தை முடிக்கவே இல்லைன்னு எழுதிப் போடுவாங்க. அங்க வரிசையா வயசான அம்மாக்க நின்னு டீயும் கேக்கும் குடுப்பாங்க. ஒரு பவுண்டைப் போட்டுட்டு அக்ரோட்டு வெச்ச கேக்கை எடுத்துக்க. உங்க பந்தயத்துல நான் அப்பழுக்கில்லாம ஒத்துக்கறது அந்தக் கேக்கை மட்டுந்தான்.

இது முடிஞ்சும் அடங்க மாட்டேங்கறே, மேடு ஏறற பந்தயம் வேற இருக்குதுன்னு சொன்னே. கென்ட்ல கேட்ஃபோர்டு கிளப்பு 1887-ல ஆரம்பிச்சு இன்னும் நடத்துறாங்களாம். யார்க்ஸ் ஹில்லுனு ஒரு மேடு, முக்கா கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா செவுரு ஏறறாப்புல. ரெண்டு மூணு நிமிசத்து வேலைக்குத் தண்ணி பாட்டில் வெக்கற கம்பியைக் கழட்டறயா, ஹேண்டில்பார்ல சுத்துன பட்டையை உரிக்கறயா, கம்பியையே ரம்பத்துல அறுக்கறயா? அதையெல்லாம் பண்ணிட்டு அப்பறம் ராவுக்கு ரெண்டு தட்டு பாஸ்தா திங்கறே. எடை பாக்கற மிசின் எங்க நிக்குதுன்னு இந்தத் தடவை நல்லாப் பாத்துக்க. சைக்கிளுக்கு அடியில இல்ல.

உச்சியில போய்ச் சேர்ற ஆளு மூச்சு வாங்க முடியாம அப்படியே சாஞ்சுருவான், தாங்கிப் புடிக்க ரெண்டு பக்கமும் ஆளு நிப்பாங்க, நீங்க வந்து புடிங்க அப்பிச்சின்னு கேட்டே. நல்லாக் கேட்டே. உன்னை நான் புடிச்சா என்னைய யாரு புடிக்கறது? அந்த வேலைக்கு உன்ற பொஞ்சாதியையும் வெக்காதே, மெழுகுக் கணக்கு பாக்கி இருக்குது. ஆனா மேட்டுல நிக்கற சனங்க மணியையும் பாத்திரத்தையும் தட்டிக் கத்துவாங்கன்னு சொன்னியே, அதுக்கு நான் வர்றன். அம்மாயி சீதனமாக் கொண்டாந்த பித்தளைத் தாம்பாளம் பரண்ல சும்மாதான் கெடக்குது. விசாவுக்கு எழுதறப்ப எதுக்கு வர்றீங்கன்னு கேப்பாங்களே, அந்தக் கட்டத்துல என்ன போடறதுன்னு மட்டும் இப்பவே யோசிச்சு வெய்யி.